வளைந்த கண்ணாடியில் நேர்க்கோடு



ஒரு திருமண அழைப்பிதழை நினைத்துக்கொள்ளுங்கள். காலம் 1990களின் நடுப்பகுதி. அச்சகத்தில் ஒருவர் கணினி முன் அமர்ந்து அட்டையை அமைக்கிறார். மணமக்கள் படத்தைச் சுற்றி ஒரு வட்டச் சட்டம். அவருடைய திரையில் அந்த வட்டம் சற்றே அகன்று, முட்டையைப் படுக்க வைத்தது போல் தெரிகிறது. அவர் என்ன செய்கிறார்? வட்டத்தைப் பக்கவாட்டில் அழுத்திச் சரிசெய்கிறார். திரையில் இப்போது அழகான வட்டம். 500 அட்டைகள் அச்சாகி வருகின்றன. பார்த்தால், வட்டம் நிமிர்ந்த முட்டையாக நிற்கிறது. மணமகளின் முகம் ஒடுங்கிப் போயிருக்கிறது. வீட்டார் கோபப்படுகிறார்கள். அமைத்தவருக்கோ ஒன்றும் விளங்கவில்லை. "திரையில் சரியாகத்தானே இருந்தது?" என்கிறார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இன்றைய பேச்சின் சாரம் இதற்குள் இருக்கிறது. கோணியிருந்தது திரை. அவர் திருத்தியதோ படத்தை. கோணல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் திருத்தத் தொடங்கினால், நேராக இருந்ததும் கோணிப் போகும்.

சுவரில் ஓவியம் போல் தட்டையான திரைகள் மாட்டும் காலத்தில், பின்பக்கம் பெருத்த பழைய மானிட்டரைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். அந்தக் கண்ணாடிக் குழாய்கள் இந்த வட்டாரத்துக்கு அந்நியமானவை அல்ல. செரம்பானில் சாம்சங் நிறுவனமும், ஷா ஆலாமில் தைவானின் சுங்வா நிறுவனமும், சிங்கப்பூரில் சோனி நிறுவனமும் படக்குழாய்களைச் செய்தன. அவற்றில் நம்மவர் பலரின் உழைப்பும் கலந்திருக்கிறது. அந்தத் தொழில் முடிந்துவிட்டது. கடைகளுக்கு வந்து குவிந்த புதிய குழாய் மானிட்டர்கள் இனி வரப்போவதில்லை. இருப்பவைதாம் இருப்பவை.

ஆயினும் அவற்றைத் தேடுவோர் இருக்கிறார்கள். பழைய வீடியோ விளையாட்டுகளை அவை வந்த காலத்துத் திரையிலேயே ஆட விரும்பும் இளையர், பழைய ஒளிநாடாக்களைப் பாதுகாப்போர், அருங்காட்சியகங்கள் எனப் பல தரப்பினர். ஆசையோடு ஒரு பழைய மானிட்டரை வாங்கி வந்து வீட்டில் வைத்து விசையைத் தட்டுவார்கள். படம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், ஓரங்கள் குழிந்திருக்கும். "டியூப் போய்விட்டது" என்று முடிவுகட்டிக் குப்பைக்கு அனுப்பிவிடுவார்கள். உண்மையில் பல வேளைகளில் டியூப்புக்கு ஒன்றுமே ஆகியிருக்காது.

கோணல்தான் இயல்பு

படம் ஏன் வளைகிறது? வீட்டில் உள்ள கைவிளக்கை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். இருட்டறையில் ஒரு நீண்ட சுவருக்கு எதிரே நின்று, விளக்கைச் சிறிது சிறிதாக, ஒரே அளவாகத் திருப்பிக்கொண்டே போங்கள். நேர் எதிரே ஒளிப்பொட்டு மெதுவாக நகரும். பக்கவாட்டில் போகப் போக, கை திரும்பும் அளவு மாறாவிட்டாலும், சுவரில் பொட்டு நீண்ட தூரம் தாவும். சுவர் வளைவாக, உங்களைச் சுற்றி வட்டமாக இருந்தால் இந்தத் தாவல் வராது. சுவர் தட்டையாக இருப்பதே காரணம்.

படக்குழாயில் நடப்பதும் இதுதான். குழாயின் கழுத்தில் இருக்கும் துப்பாக்கியிலிருந்து எலெக்ட்ரான் கதிர் பாய்கிறது. ஏறத்தாழ 25,000 வோல்ட் அதை முன்னே இழுக்கிறது. கழுத்தைச் சுற்றியிருக்கும் யோக் என்ற செம்புக் கம்பிச் சுருள்கள் காந்த விசையால் அதை இடம் வலமாகவும் மேல் கீழாகவும் திருப்புகின்றன. கதிர் பட்ட இடத்தில் கண்ணாடியின் உட்பூச்சு ஒளிர்கிறது. 1024க்கு 768 புள்ளிகள் என்ற அளவில், நொடிக்கு 85 முறை படத்தைப் புதுப்பிக்கும் மானிட்டரில், இந்தக் கதிர் நொடிக்கு 68,000க்கும் மேற்பட்ட கோடுகளை இழுக்கிறது.

கதிர் திரும்புவது ஏறக்குறைய ஒரே இடத்தில். அது போய் விழும் திரையோ அந்த இடத்தை மையமாகக் கொண்ட உருண்டை அல்ல, அதைவிட மிகவும் தட்டையானது. எனவே நான்கு மூலைகளும் மையத்திலிருந்து அதிகத் தொலைவில் இருக்கின்றன. மூலைகள் வெளியே இழுபடுகின்றன, ஓரங்கள் உள்ளே குழிகின்றன. தையற்காரர் ஊசி குத்தி வைக்கும் சிறு மெத்தையின் வடிவம் வருகிறது. அதனால் இதற்கு ஊசிமெத்தைக் கோணல் என்று பெயர். இதற்கு மாறாக ஓரங்கள் வெளியே பிதுங்கினால் அது பீப்பாய்க் கோணல்.

நேயர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எந்தத் திருத்தமும் செய்யாத படக்குழாய் காட்டுவது கோணல் படத்தைத்தான். நேர்க்கோடு அங்கே தானாக வருவதில்லை. ஒவ்வொரு கோட்டையும் எதிர்த்திசையில் வளைத்து வளைத்துத்தான் நேராக்குகிறார்கள். திரையின் முகம் தட்டையாக ஆக ஆக, பெட்டியின் நீளம் குறையக் குறைய, இந்த உள்வேலை கூடுகிறது. கடைசியாக வந்த தட்டை முகக் குழாய்களைப் பார்த்து "எவ்வளவு நேராக இருக்கிறது" என்று வியந்தோம். அவற்றுக்குள்தான் வளைக்கும் வேலை மிகுதி.

அந்த வேலை எப்படி நடக்கிறது? திரையின் நடு உயரத்தில் கோடுகள் சற்று நீளமாகவும், உச்சியிலும் அடியிலும் சற்றுக் குட்டையாகவும் இருக்கும்படி மின்னோட்டத்தை ஏற்றி இறக்குகிறது ஒரு சுற்று. அதனால் குழிந்த ஓரங்கள் நிமிர்கின்றன. பக்கவாட்டுத் தாவலைத் தடுக்க, யோக் சுருளோடு ஒரு கெப்பாசிட்டரைத் தொடராக இணைக்கிறார்கள். கதிர் ஓரத்தை நெருங்கும்போது அதன் வேகத்தை அது குறைக்கிறது. புள்ளி அளவை மாற்றும்போது மானிட்டருக்குள் 'டிக்' என்று ஓர் ஒலி கேட்குமே, நினைவிருக்கிறதா? கோடுகளின் வேகம் மாறும்போது அதற்கு ஏற்ற கெப்பாசிட்டரைப் பொருத்திக்கொள்ளும் ஒலியும் அதில் உண்டு. பலர் அதைக் கோளாறு என்று நினைத்துப் பயந்திருக்கிறார்கள். கோணலைத் திருத்தும் ஒலி அது.

முதலில் சூழலைப் பாருங்கள்

இவ்வளவு நுட்பமாக நிமிர்த்திய படத்தைக் கெடுக்க ஒரு சிறு காந்தம் போதும். காந்தத்தால் திருப்பப்படும் கதிர், வெளியிலிருந்து வரும் காந்தத்துக்கும் திரும்பத்தானே செய்யும்?

கொரியாவில் பிறந்த கலைஞர் நாம் ஜூன் பைக் இதையே கலையாக்கினார். 1965ல் ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியின் தலையில் பெரிய காந்தம் ஒன்றை வைத்தார். உள்ளே படம் முறுக்கிக்கொண்டு விசித்திர வடிவம் எடுத்தது. கலைக்கூடத்தில் அது புகழ்பெற்ற படைப்பு. வீட்டில் அதைச் செய்து பார்க்க வேண்டாம். வண்ணக் குழாயின் உள்ளே மெல்லிய உலோக வலையோ கம்பிகளோ இருக்கும். அவை காந்தமேறிவிட்டால், காந்தத்தை எடுத்த பிறகும் நிறங்கள் திட்டுத் திட்டாக மாறியே நிற்கும்.

ஆகவே, படம் கோணினால் பொத்தானைத் தொடுவதற்கு முன் மேசையைப் பாருங்கள். பக்கத்தில் ஒலிபெருக்கி இருக்கிறதா? கணினிக்கென்று செய்த ஒலிபெருக்கிகள் பலவற்றில் காந்தம் வெளியே கசியாமல் மூடியிருப்பார்கள். வானொலிப் பெட்டியோடு வரும் ஒலிபெருக்கிகளில் அந்த ஏற்பாடு பெரும்பாலும் இருக்காது. மின்விசிறி ஓடுகிறதா? மின்மாற்றி அருகில் இருக்கிறதா? இன்னொரு குழாய் மானிட்டர் ஒட்டி நிற்கிறதா? படம் அசையாமல் கோணியிருந்தால் நிலைக்காந்தத்தையோ இரும்பு மேசையையோ சந்தேகிக்கலாம். நீரில் தெரிவது போல் ஆடிக்கொண்டே இருந்தால் மின்மாற்றி, விசிறி போன்றவற்றைச் சந்தேகிக்கலாம்.

எல்லாவற்றையும் விலக்கிய பிறகும் விலக்க முடியாத காந்தம் ஒன்று உண்டு. அது நாம் வாழும் பூமி. மலேசியா, சிங்கப்பூர் பகுதியில் பூமியின் காந்தப்புலம் தரைக்கு ஏறக்குறைய இணையாகவே செல்கிறது. வடக்கு ஐரோப்பாவிலோ அது செங்குத்தாகத் தரைக்குள் பாய்கிறது. இதனால்தான் மானிட்டர் செய்தவர்கள் வட கோளத்துக்கு, தென் கோளத்துக்கு, நிலநடுக்கோட்டுப் பகுதிக்கு எனத் தனித்தனியாகச் சரிசெய்து அனுப்பினார்கள். வெளிநாட்டில் படிப்பை முடித்துத் திரும்பிய ஒருவர் கூடவே கொண்டுவந்த மானிட்டர் இங்கே வந்ததும் நிறம் மாறினால், கப்பலில் உடைந்தது என்று எண்ண வேண்டியதில்லை.

வீட்டுக்குள்ளேயே இதன் விளைவைக் காணலாம். திரை வடக்கு நோக்கியிருக்கும்போது படம் ஒரு பக்கமாகச் சற்றே சாயும். தெற்கு நோக்கித் திருப்பினால் மறுபக்கம் சாயும். கிழக்கு மேற்காக வைத்தால் சாய்வு குறைந்து, படம் மேலோ கீழோ இலேசாக இடம்பெயரும். முதலில் மானிட்டர் நிரந்தரமாக இருக்கப்போகும் இடத்தையும் திசையையும் முடிவுசெய்யுங்கள். அதன் பிறகு மெனுவில் உள்ள காந்தநீக்கப் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். 'தொங்' என்ற ஒலியோடு படம் அதிர்ந்து அடங்கும். உடனே மறுபடி மறுபடி அழுத்துவதில் பயனில்லை. உள்ளே இருக்கும் பாகம் ஆறினால்தான் அது முழு வலுவோடு வேலை செய்யும். அரை மணி நேரம் விடுங்கள்.

இரண்டு பக்கக் கோடுகள் சொல்லும் சேதி

இனித் திருத்தத்துக்கு வருவோம். மானிட்டரைப் போட்டு அரை மணி நேரமாவது சூடாகட்டும். குளிர்ந்த நிலையில் படத்தின் அளவு நிலைத்து நிற்காது. அன்றாடம் எந்தப் புள்ளி அளவைப் பயன்படுத்துகிறீர்களோ அதிலேயே வையுங்கள். ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனித் திருத்தத்தை மானிட்டர் நினைவில் வைத்திருக்கும். ஒன்றில் செய்த திருத்தம் இன்னொன்றுக்குப் போகாது.

தொலைக்காட்சி நிலையங்கள் நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் கட்டங்களும் நடுவில் ஒரு வட்டமும் கொண்ட படத்தைக் காட்டி வந்தன. அது பொழுதுபோக்குக்கான படம் அல்ல. கட்டங்கள் நேராக இருக்கின்றனவா, வட்டம் வட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கான அளவுகோல். அப்படி ஒரு கட்டப் படத்தைக் கணினியில் வரைந்து திரை முழுதும் நிரப்புங்கள். வெளிச்சத்தை மிதமாக வையுங்கள். மிகப் பிரகாசமான படம் வரும்போது உள்மின்னழுத்தம் சற்றே தளர்ந்து, படம் மூச்சு வாங்குவது போல் விரியும். அந்த நிலையில் அளந்தால் அளவு தவறும்.

இப்போது இடது ஓரம், வலது ஓரம் என்ற இரண்டு கோடுகளை மட்டும் பாருங்கள். கோணலின் பெயரை அவையே சொல்லிவிடும்.

இரண்டும் எதிரெதிராக வளைந்து உள்ளே குழிந்தாலோ வெளியே பிதுங்கினாலோ, ஊசிமெத்தைத் திருத்தம் வேண்டும்.

இரண்டும் ஒரே பக்கமாக வில் போல் வளைந்தால், ஊசிமெத்தைச் சமன் என்ற திருத்தம் வேண்டும்.

இரண்டும் எதிரெதிராகச் சாய்ந்து உச்சி குறுகி அடி அகன்றாலோ, உச்சி அகன்று அடி குறுகினாலோ, பள்ளியில் படித்த சரிவகம் அது. சரிவகப் பொத்தானைத் தொடுங்கள்.

இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, மேல் கீழ்க் கோடுகள் மட்டமாகவே இருந்தால், அது இணைகரம்.

மேல் கீழ்க் கோடுகளும் சேர்ந்து சாய்ந்தால் மட்டுமே அது சுழற்சி. பலர் தவறுவது இங்கேதான். இணைகரமாகச் சாய்ந்த படத்தைச் சுழற்சிப் பொத்தானால் நிமிர்த்தப் பார்ப்பார்கள். பக்கக் கோடு நிமிரும், மேல் கோடு சாயும். அதைச் சரிசெய்ய இன்னொரு பொத்தான், அதனால் வந்ததைச் சரிசெய்ய வேறொன்று என்று போகும். அரை மணி நேரத்தில் படம் தொடங்கிய இடத்தைவிட மோசமாகிவிடும்.

வரிசை முக்கியம். முதலில் சுழற்சி. பிறகு படத்தை நடுவுக்குக் கொண்டுவந்து அகலமும் உயரமும் வையுங்கள். அடுத்து ஊசிமெத்தை, சரிவகம், இணைகரம், ஊசிமெத்தைச் சமன். மூலைகளுக்குத் தனிப் பொத்தான் இருந்தால் அது கடைசியில். எல்லாம் முடிந்ததும் அகலத்தையும் உயரத்தையும் மறுபடி ஒருமுறை பாருங்கள். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று சற்றே நகர்ந்திருக்கும். மேல் கீழ்க் கோடுகளின் வளைவுக்குப் பல மானிட்டர்களில் பொத்தானே இருக்காது. யோக் சுருளைச் சுற்றிய விதத்திலும் அதில் ஒட்டிய சிறு காந்தங்களிலும் ஆலையிலேயே அதை முடித்திருப்பார்கள். அதை விட்டுவிடுங்கள்.

கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். கண்ணாடி தடிமனானது. தலையை அசைத்தால் கோடும் அசைவது போல் தோன்றும். தையல் நாடாவால் அளங்கள். ஓரங்களுக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். 17 அங்குல மானிட்டரில் அகலம் 32 சென்டிமீட்டர், உயரம் 24 சென்டிமீட்டர் என்று வைத்தால் நாலுக்கு மூன்று என்ற விகிதம் சரியாக வரும்.

அப்படியும் வட்டம் முட்டையாகவே இருக்கிறதா? புள்ளி அளவைப் பாருங்கள். 1280க்கு 1024 என்பது ஐந்துக்கு நாலு என்ற விகிதம். அதை நாலுக்கு மூன்று திரையில் நிரப்பினால் எல்லாமே ஏறக்குறைய 7 விழுக்காடு அகன்று தெரியும். திரையில் குற்றமில்லை, படத்திலும் குற்றமில்லை. 1280க்கு 960 என்று மாற்றினால் வட்டம் வட்டமாகிவிடும். தொடக்கத்தில் பார்த்தோமே, அந்த அழைப்பிதழில் மணமகளின் முகம் ஒடுங்கியது இதனாலும் இருக்கலாம். ஓர் எண்ணைத் தவறாகத் தேர்ந்ததன் விலை 500 அட்டைகள்.

இதில் நிறுத்திக்கொள்ளுங்கள்

இவ்வளவும் வெளியிலிருந்து செய்யக்கூடியவை. பின்பக்க மூடியைக் கழற்றுவது வேறு விஷயம். படக்குழாயே ஒரு பெரிய கெப்பாசிட்டர் போன்றது. உள்ளும் புறமும் உள்ள கரிப்பூச்சுகளுக்கு இடையே கண்ணாடி நிற்கிறது. மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். குழாய்க்குள் காற்று இல்லை. கழுத்தில் அடிபட்டு உடைந்தால் கண்ணாடி சிதறும். பயிற்சி பெற்ற பழுதுபார்ப்பவரைத் தவிர வேறு யாரும் உள்ளே கை வைக்கக் கூடாது. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் பழுதுபார்ப்பவருக்கான மறைவு மெனு இருக்கும். அதைத் திறந்தால், எதையும் மாற்றுமுன் உள்ள எண்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிவையுங்கள். திரும்பி வர வழி அதுதான்.

முழுமையான நேர்க்கோட்டையும் எதிர்பார்க்காதீர்கள். ஓரத்தில் ஓரிரு மில்லிமீட்டர் வளைவு நல்ல நிலையில் உள்ள குழாயிலும் இருக்கும். அந்த ஒரு மில்லிமீட்டருக்காக நல்ல நிலையைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

நாம் ஜூன் பைக்கின் இன்னொரு படைப்பைச் சொல்லி முடிக்கலாம். 1988ல் அவர் 1,003 படக்குழாய்ப் பெட்டிகளை அடுக்கி ஒரு கோபுரம் அமைத்தார். தென்கொரியாவின் குவாச்சோன் நகரில், தேசிய நவீன சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் அது நிற்கிறது. குழாய்கள் முதுமையடைந்து ஆபத்தான நிலைக்கு வந்ததால் 2018ல் அதன் மின்சாரத்தை நிறுத்தினார்கள். எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதுத் திரைகளை மாட்டுவது எளிது. அருங்காட்சியகம் அப்படிச் செய்யவில்லை. பழைய பாகங்களைத் தேடிப்பிடித்து 737 பெட்டிகளைச் சரிசெய்தார்கள். காப்பாற்ற முடியாத 266க்கு மட்டும் தட்டைத் திரை பொருத்தினார்கள். 2022ல் கோபுரம் மறுபடி ஒளிர்ந்தது.

அவர்களுக்கு ஒவ்வொரு குழாயின் அருமையும் தெரிந்திருந்தது. வீட்டில் ஒரு மூலையில் பழைய மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கும் அது தெரிய வேண்டும். படம் கோணினால், குழாயைக் குறைசொல்லுமுன் பக்கத்தில் இருப்பதை விலக்குங்கள். திசையைப் பாருங்கள். இரண்டு ஓரக் கோடுகளையும் நிதானமாகப் பாருங்கள். கோணல் எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு கை வையுங்கள். அதற்கு அப்பாலும் படம் நிமிரவில்லை என்றால், மாடிப்படி ஓரத்தில் வீசிவிடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது.